ஃபேனி லூ ஹேமர்: பருத்திக்காட்டுக் கணக்குப்பிள்ளை

"ரோசா பார்க்ஸைத் தெரியும், மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும். ஃபேனி லூ ஹேமர் என்று ஒருவரைச் சொல்கிறார்களே, அவர் அப்படி என்ன செய்தார்? நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றவர்தானே?" அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது வரும் கேள்வி இது.

தோற்றது உண்மைதான். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நின்றார், தோற்றார். 1971இல் மிசிசிப்பி மாநில செனட்டுக்கு நின்றார், அதிலும் தோல்வி. ஊர் மக்களுக்காக அவர் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணை அவர் உயிரோடு இருந்தபோதே கைவிட்டுப் போனது. இந்தப் பட்டியலை வைத்து அவரை எடைபோடுவதற்கு முன்னால் ஒரு தராசின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி முழுக்கப் பருத்திக்காடு. நிலம் வெள்ளையர்களுடையது, உழைப்பு கறுப்பினக் குடும்பங்களுடையது. வாரச் சாகுபடிதான் முறை: விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மீதிப் பாதியிலும் விதை, உரம், பண்ணைக் கடையில் கடன் வாங்கிய மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் கழியும். வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது குடும்பத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்கான கடன்தான். கணக்குப் புத்தகம் பண்ணையார் கையில், தராசும் அவர் கையில்.

ரூல்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மார்லோ என்பவரின் பண்ணை இருந்தது. அங்கே வேலை செய்த ஹேமருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது 1944வாக்கில் முதலாளிக்குத் தெரியவந்தது. பருத்தி எடுப்பவர்களின் நேரத்தையும் எடையையும் குறித்துவைக்கும் கணக்குப்பிள்ளை வேலை அவருக்கு வந்தது. எடை பார்த்தது கோல் தராசில். கோலின் மேல் ஒரு எடைக்குண்டு முன்னும் பின்னும் நகரும். பண்ணை கொடுத்த குண்டு கள்ளக் குண்டு. மூட்டையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஹேமர் என்ன செய்தார் என்றால், தன்னிடம் ஒரு குண்டை வைத்துக்கொண்டார். முதலாளி கண்ணில் படாதவரைக்கும் அதை மாட்டி நிறுப்பார். தூரத்தில் முதலாளி வருவது தெரிந்தால் பண்ணைக் குண்டு மறுபடி கோலுக்கு ஏறும். இப்படிப் பல வருஷம்.

குடிமை உரிமை இயக்கம் என்ற பெயரே அவர் காதில் விழாத காலம் அது. என்னைக் கேட்டால் அவருடைய அரசியல் அங்கேயே தொடங்கிவிட்டது. எந்தக் கணக்கு பொய், அதை யார் எழுதுகிறார்கள் என்பதைக் கடைசிவரை அவர் மறக்கவே இல்லை.

பிறந்தது 1917 அக்டோபர் 6. பெற்றோருக்கு 20ஆவது பிள்ளை, கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்திக்காட்டுக்கு வந்தாயிற்று. அதுவும் எப்படி? சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பண்ணையார் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் 30 பவுண்டு பருத்தி எடுத்தால் பண்ணைக் கடையில் பிடித்த தின்பண்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டினார். குழந்தை எடுத்துவிட்டது. அடுத்த வாரம் 60 பவுண்டு கேட்டார்கள். பொறி வைத்துப் பிடித்தார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொல்வார். போலியோ தாக்கி ஒரு காலை லேசாக இழுத்து நடந்தாலும், 13 வயதில் நாளுக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுப்பாராம். பள்ளிக்கூடம் பன்னிரண்டு வயதோடு முடிந்தது.

ஒருமுறை அந்தக் குடும்பம் தலைநிமிரப் பார்த்தது. அப்பா கொஞ்சம் காசு சேர்த்துக் கோவேறு கழுதைகளும் மாடுகளும் வாங்கினார், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு நாள் கால்நடைத் தொட்டியில் யாரோ 'பாரிஸ் கிரீன்' என்ற பூச்சிமருந்தைக் கலந்துவிட்டார்கள். எல்லாம் செத்தன. மறுபடி வாரச் சாகுபடி.

1961இல் நடந்ததை அவர் சொல்லும்போது குரல் மாறும் என்பார்கள். கருப்பைக் கட்டியை எடுக்க மருத்துவமனையில் சேர்ந்தார். வெளியே வந்தபோது கருப்பையே இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பண்ணை வீட்டுப் பேச்சு கைமாறி வந்துதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இப்படிச் செய்வது அங்கே அவ்வளவு சகஜம்; 'மிசிசிப்பி குடல்வால் ஆபரேஷன்' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. அவரும் கணவர் பெர்ரி ஹேமரும் இரண்டு பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட். ரூல்வில்லில் இருந்த வில்லியம்ஸ் சேப்பல் தேவாலயத்தில் ஒரு கூட்டம். அகிம்சை வழி மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வந்திருந்தார்கள். கறுப்பினத்தவருக்கும் ஓட்டுரிமை உண்டு, அநியாயம் செய்யும் அதிகாரிகளை ஓட்டுப் போட்டே இறக்கலாம் என்றார்கள். 44 வயதில்தான் இதைக் கேள்விப்படுகிறேன் என்று ஹேமர் பின்னாளில் சொன்னார். இது படிப்பறிவில்லாத ஒருவரின் அறியாமை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வாழ்ந்த சன்ஃப்ளவர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மக்கள்தொகையில் பெரும்பான்மை கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்கள் இல்லவே இல்லை என்கிற மாதிரி நிலைமை. செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெரும் பண்ணை அந்தக் கவுண்டியில்தான் இருந்தது. இனப் பிரிவினையைக் கட்டிக்காக்க வெள்ளையர் கவுன்சில் என்ற அமைப்பு 1954இல் தோன்றியதும் அந்தக் கவுண்டியின் தலைநகரான இண்டியனோலாவில்தான்.

யார் பதிவு செய்ய வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கியவர்களில் இவரும் ஒருவர். பயமாக இல்லையா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஏறக்குறைய இது: "புத்தி இருந்திருந்தால் கொஞ்சம் பயந்திருப்பேன். ஆனால் பயந்து என்ன ஆகப்போகிறது? அதிகம் போனால் என்னைக் கொல்லலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தார்கள்."

1962 ஆகஸ்ட் 31. பண்ணைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஒரு பழைய பஸ்ஸில் 18 பேர் இண்டியனோலாவுக்குப் போனார்கள். பதிவு அலுவலகத்தில் எழுத்தறிவுத் தேர்வு. மாநில அரசியல் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைப் பதிவாளர் காட்டுவார். அதைப் பார்த்து எழுதி, பொருளும் விளக்க வேண்டும். விளக்கம் சரியா தவறா என்பது அவர் விருப்பம். ஹேமருக்கு வந்தது 'டி ஃபாக்டோ' சட்டம் என்ற, வக்கீல்கள் பேசும் சங்கதி பற்றிய பிரிவு. "கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு அதைப் பற்றித் தெரியும்" என்றார். ஃபெயில்.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் நிறம் சரியில்லை. மஞ்சள் தூக்கலாக இருக்கிறதாம். அதே பஸ் வருஷக்கணக்காக அதே நிறத்தில் கூலியாட்களை ஏற்றிச் சென்றபோது யாருக்கும் கண் கூசவில்லை. ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம் என்றார்கள், பேரம் பேசி 30க்கு இறங்கியது, பயணிகள் சில்லறை சேர்த்துக் கட்டினார்கள். எல்லோரும் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்தது. ஹேமரின் குரல் அன்றைக்குத்தான் இயக்கத்துக்கு அறிமுகமானது.

வீடு திரும்புவதற்குள் சேதி போய்விட்டது. பதிவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் பண்ணையை விட்டு வெளியேறு என்றார் மார்லோ. "உங்களுக்காக நான் பதியப் போகவில்லை. எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். 18 வருஷம் உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே கிளம்பினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை. செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, ஹேமர் தங்கியிருந்த நண்பர் வீட்டுக்குள் 16 குண்டுகள் பாய்ந்தன. அன்றைக்கு அவர் அங்கே இல்லாததால் பிழைத்தார்.

பதிவாளரிடம், நான் தேர்ச்சி பெறும்வரை 30 நாளுக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்பப் போனார். 1963 ஜனவரியில் தேர்ச்சி. சரி, ஓட்டுப் போட்டாரா? இல்லை. வாக்காளர் வரி கட்டிய இரண்டு வருஷ ரசீது வேண்டுமாம். பதிவே செய்ய விடாதவர்கள் பழைய ரசீதைக் கேட்டார்கள். இதற்கிடையில் குழாய் இணைப்பே இல்லாத அவர் வீட்டுக்கு 9,000 டாலர் தண்ணீர் வரி பில் வந்தது. கள்ளக் குண்டு இப்போது நகராட்சி அலுவலகத்துக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

1963 ஜூன் 9. தென் கரோலினாவில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் வினோனா என்ற ஊரில் பஸ் நின்றது. உடன் வந்தவர்களில் சிலர் வெள்ளையர் மட்டுமே உட்காரும் பஸ் நிலையத்து உணவகத்துக்குள் போனார்கள், போலீஸ் வந்து எல்லோரையும் கைது செய்தது. சிறையில், பக்கத்து அறையில் ஆனெல் பாண்டர் என்ற தோழியை அடித்துக்கொண்டே "யெஸ் சார்" சொல்லச் சொன்னது ஹேமருக்குக் கேட்டது. பாண்டரின் பதில்: "எனக்கு உங்களை அவ்வளவு பழக்கமில்லையே." அந்த இடத்தில், அந்த நிலையில், இப்படி ஒரு பதில்! அடுத்து ஹேமரின் முறை. காவலர்கள் இரண்டு கறுப்பினக் கைதிகளிடம் தோல்தடியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர். சிறுநீரகம் பாதித்தது, கண்ணில் ரத்தம் கட்டியது, கால் இழுப்பு மோசமானது. இவை எதுவும் முழுசாகக் குணமாகவில்லை. காவலர்கள் மீதான வழக்கில் டிசம்பரில் முழுக்க வெள்ளையர்களே அமர்ந்த ஜூரி எல்லோரையும் விடுவித்தது.

இப்போது 1964. இதற்காகத்தான் அவரை வரலாறு நினைவு வைத்திருக்கிறது. மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சி என்றால் வெள்ளையர் கட்சி. கறுப்பினத்தவர் உள்ளே நுழைய முடியாது. அதனால் ஏப்ரலில் எல்லோருக்கும் கதவு திறந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை உருவாக்கினார்கள். அந்தக் கோடையில் வாக்காளர் பதிவுக்கு உதவ நூற்றுக்கணக்கான மாணவர்கள் வடக்கிலிருந்து வந்தார்கள். ஜூன் 21ஆம் தேதி சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. 68 பிரதிநிதிகளோடு போன சுதந்திர ஜனநாயகக் கட்சி, மிசிசிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று கோரியது.

ஆகஸ்ட் 22ஆம் தேதி தகுதி ஆய்வுக் குழு முன்னால் ஹேமர் உட்கார்ந்தார். கையில் காகிதம் இல்லை. பண்ணை, பஸ், 16 குண்டு, வினோனா சிறை என்று நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். தொலைக்காட்சி நேரலை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கு வயிற்றைக் கலக்கியது. தென் மாநிலங்கள் கோபித்துக்கொண்டால் தேர்தல் என்ன ஆகும் என்ற கவலை. அவசரமாக நிருபர்களைக் கூப்பிட்டார். துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளரை அறிவிக்கப்போகிறார் என்று நினைத்துக் கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. கென்னடி சுடப்பட்டு அன்றோடு ஒன்பது மாதம் என்கிற ரீதியில் அவர் ஏதோ பேசினார். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தார், ஆனால் பலிக்கவில்லை. அன்றிரவுச் செய்திகளில் தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை எடுத்துப் போட்டன. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். நாங்களும் மனிதர்களாகக் கண்ணியமாக வாழ ஆசைப்பட்டதற்காக, நாள் தவறாமல் மிரட்டல் வந்து, போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்க வேண்டியிருக்கிறதே, இதுதான் அமெரிக்காவா என்று கேட்டு முடித்திருந்தார்.

ஜான்சன் தரப்பு ஒரு சமரசம் பேசியது: 68 பேருக்கு இரண்டு இடம், அந்த இருவர் யார் என்பதையும் நாங்களே சொல்வோம். பேரம் பேச வந்தவர் செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. இதை முடித்துக் கொடுத்தால் துணைக் குடியரசுத் தலைவர் பதவி அவருக்கு. ஹேமர் அவரிடம், ஓட்டுரிமைக்காக வேலை இழந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான். சரியானதைச் செய்து உங்களுக்கு இந்த வேலை போனால் கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரி பேசினார். அதற்கப்புறம் பேச்சுவார்த்தைக்கு அவரைக் கூப்பிடவில்லை. இயக்கத்தின் பெரிய தலைவர்களில் பலர் கிடைத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மிசிசிப்பிக்காரர்கள் ஓட்டெடுத்து மறுத்தார்கள். "இரண்டே இரண்டு சீட்டுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் ஹேமர்.

கணக்குப்படி இதுவும் தோல்விதான். ஆனால் அடுத்த வருஷம் ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு, ஓட்டுரிமை கேட்டு அலபாமா மாநிலத்தில் நடந்த செல்மா ஊர்வலம் உட்பட பல காரணங்கள். ஒருவர் தலையில் முழுப் பெருமையையும் கட்ட மாட்டேன். மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 1964இல் சுமார் 6.7 சதவீதம் பேர்தான் பதிவு செய்திருந்தார்கள். 1967இல் அது 60 சதவீதத்தை நெருங்கியது. 1965 செப்டம்பரில் அதே சுதந்திர ஜனநாயகக் கட்சியின் விக்டோரியா கிரே, ஆனி டிவைன் இருவரோடு ஹேமர் நாடாளுமன்றக் கீழவைக்குள்ளேயே போய் உட்கார்ந்து, மிசிசிப்பி உறுப்பினர்களின் தேர்தல் செல்லாது என்று வாதாடினார். 228க்கு 143 என்று கோரிக்கை தள்ளுபடி ஆனது. அந்த 143ஐத்தான் நான் கவனிப்பேன். 1968இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பிரதிநிதியாகத் தன் இருக்கைக்கு வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பலர் அவர் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கப்புறம் நடந்ததுதான் ரொம்ப முக்கியம். ஓட்டுக் கேட்டால் சோற்றில் கை வைப்பார்கள் என்பது டெல்டாவில் நிஜமாகவே நடந்தது. 1962 குளிர்காலத்தில் பக்கத்து லெஃப்ளோர் கவுண்டி நிர்வாகம், வாக்காளர் பதிவுக்குப் பழிவாங்க, ஏழைகளுக்கான மத்திய அரசின் இலவச உணவுப் பொருள்களையே நிறுத்தியது. அப்புறம் பருத்தி எடுக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்து கூலி வேலையும் போனது. பதிவு பண்ணிய ஓட்டு கையில் இருக்கும், அடுப்பில் உலை இருக்காது. ஹேமரின் வளர்ப்பு மகள் ஒருவர் 1967இல், பக்கத்தில் சிகிச்சை கிடைக்காமல் நெடுந்தூரம் கொண்டுபோகப்பட்டு இறந்தார்.

1960களின் கடைசியில் பன்றி வங்கி ஒன்றைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்களுக்கான தேசிய கவுன்சிலின் உதவியோடு சுமார் 40 பன்றிகள். சினைப் பன்றியை ஒரு குடும்பம் எடுத்துச் செல்லும், குட்டி போட்டதும் குட்டிகளை வைத்துக்கொண்டு தாய்ப் பன்றியை வங்கிக்குத் திருப்பும், அது அடுத்த வீட்டுக்குப் போகும். வட்டி கிடையாது, கணக்குப் புத்தகத்தில் தில்லுமுல்லு கிடையாது. 1969இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு. சில வருஷத்தில் 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. காய்கறி, சோயா, கொஞ்சம் பருத்தி, வீடு கட்ட உதவி. கொல்லையில் ஒரு பன்றியும் தோட்டத்தில் கொஞ்சம் காய்கறியும் இருந்தால் யாரும் நம்மை மிரட்ட முடியாது என்பது அவர் வாதம். வாரச் சாகுபடியில் பிறந்தவருக்குத்தான் இது சட்டென்று புரியும். ஆனால் நிலக்கடனும் வரியும் சேர்ந்துகொண்டன, நன்கொடை குறைந்தது, வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்தன, அவர் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1970களின் நடுவில் நிலம் கைமாறிப் போனது.

அவரைப் புனிதப்படுத்தி எழுதுகிறவர்கள் தாண்டிப்போகும் ஒரு விஷயமும் உண்டு. 1971இல் தேசிய மகளிர் அரசியல் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் கருக்கலைப்பையும் கருத்தடையையும் கடுமையாக எதிர்த்தார், அவை கறுப்பின மக்களை ஒழிக்கும் வழி என்றே பேசினார். அந்தப் பெண்ணிய மேடைகளில் இது பலருக்கு உறுத்தியது. கேட்காமலே கருப்பை எடுக்கப்பட்ட ஒருவரின் வாதம் அது. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் போதும்.

1977 மார்ச் 14ஆம் தேதி, மவுண்ட் பேயூ என்ற ஊரின் மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோயோடு இறந்தார். வயது 59. அப்போது ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் வந்து இரங்கலுரை ஆற்றினார். சுதந்திரப் பண்ணையாக இருந்த மண்ணில் ஒரு துண்டில்தான் கல்லறை. "களைத்துக் களைத்தே எனக்குக் களைத்துவிட்டது" என்று 1964இல் ஹார்லெம் கூட்டத்தில் அவர் சொன்ன வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் அதன் தாளம் சரியாக வராது. சலிப்பும் நோயும் ஒரே சொல்லில் வரும் வாசகம் அது.

2006இல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டித்தபோது அதற்கு அவர் பெயரும் ரோசா பார்க்ஸ், கொரெட்டா ஸ்காட் கிங் பெயர்களும் சூட்டப்பட்டன. ஏழே வருஷத்தில், 2013இல், எந்தெந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும் என்பதைத் தீர்மானித்த அந்தச் சட்டத்தின் சூத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜனவரியில் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை அவர் பெயருக்குக் கொடுத்தார்கள்.

அட்லாண்டிக் சிட்டி சாட்சியத்தின் ஒலிப்பதிவு கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். முதல் வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள். தலைவரே என்று அழைத்துவிட்டு, என் பெயர் திருமதி ஃபேனி லூ ஹேமர் என்கிறார். டெல்டாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு கறுப்பினப் பெண்ணைத் 'திருமதி' போட்டு அழைக்கும் வழக்கம் அப்போது இல்லை. அடுத்து கதவு எண், தெருப் பெயர், ஊர், மிசிசிப்பி, சன்ஃப்ளவர் கவுண்டி, செனட்டர் ஈஸ்ட்லண்டின் சொந்த ஊர் என்று முழு முகவரியையும் நிதானமாகச் சொல்கிறார். அவர் படுத்திருப்பார் என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் 16 குண்டு பாய்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை அப்போது.